எதிர்ப்பக்கத்துக் கித்தார்

என் தம்பிக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். யாரால் போயிற்று என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஃபாக்டரியில் போனது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஃபாக்டரியில்தான் போயிற்று, அது பொய்யில்லை. ஆனால் என் கோபத்தால் போயிற்று. இதை எழுதாமல் செத்துப்போனால் என் கட்டை வேகாது.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டியிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரம். நைனாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. எழுபதுகளில் ஊருக்கு வெளியே முள்ளும் புதருமாகக் கிடந்த கரம்பெல்லாம் வேலி போட்டு, ஷெட்டுகள் எழும்ப ஆரம்பித்தன. அதில் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்புத் தகட்டை மெஷினுக்கு அடியில் வைத்து ஒரே அடியில் வெட்டி எடுக்கும் பிரஸ் ஷாப். வெட்டுவதற்கான அச்சுகளை, டை என்போம், அதைச் செய்வது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பியையும் பிறகு அங்கேயே பிரஸ் ஓட்டச் சேர்த்துவிட்டேன்.

அவனுக்கு அந்த வேலையில் மனசு ஒட்டவேயில்லை. அவன் மனசு முழுக்கக் கித்தாரில் இருந்தது. பொன்னேரிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழு. கோயில் திருவிழா, கல்யாணம் என்று போய் வாசிப்பார்கள். லீவு நாளெல்லாம் அவர்களுடைய ஒத்திகைக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். ஒரு பழைய மரக் கித்தார் கையில் கிடைத்தது. அதன் சத்தம் டிரம்முக்கும் அக்கார்டியனுக்கும் நடுவில் அவன் காதுக்கே கேட்காது. குழுவை நடத்தியவர் டிரம் வாசிக்கிறவர், நல்ல மனுஷன். ஒரு நாள் அவனிடம், "கை நல்லா பேசுதுபா உனக்கு. ஆனா இத்தெ வெச்சிக்கினு மேடைல ஏற முடியாது. கரண்ட் கித்தாரும் ஆம்ப்ளி பொட்டியும் எத்துகினு வா, ஆடி தீமிதிலேர்ந்து நீதான் நம்ம கித்தாரு" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவேயில்லை. சந்தோஷத்தில்தான். கரண்ட் கித்தாருக்கு எங்கே போவது என்கிற யோசனை அடுத்த நாள்தான் வந்தது.

நான் இருக்கும்போது அவன் ஏன் யோசிக்க வேண்டும்? எனக்கு ரேடியோப் பைத்தியம். மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைக் கீற்றால் தடுத்து, பெஞ்சு போட்டு, பழைய வால்வு ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்துச் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபையர்கள் செய்துகொண்டிருந்தேன். எல்லாம் உறுமும். சத்தம் வரும்போதெல்லாம் பசு காதைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். ஒருமுறை அம்மா தூசி தட்டுகிறேன் என்று ஒன்றைத் தொட்டு, கரண்ட் அடித்து, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நைனாவோ, "இவன் மாட்டுக்குப் பாட்டு கத்துக் குடுக்கறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"பொட்டியும் நானே செய்றேன், கித்தாரும் நானே செய்றேன். முடியற வரைக்கும் நீ உள்ள வந்து எட்டிப் பாக்கக் கூடாது" என்று தம்பியிடம் சொன்னேன். கித்தார் வாசிக்க எனக்கு ஒரு சுரம்கூடத் தெரியாது. ஒரு கரண்ட் கித்தாரைக் கையில் தொட்டதுகூடக் கிடையாது. சினிமாவில் பார்த்ததோடு சரி.

சினிமாதான் வழியும் காட்டியது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவர் என் கூட்டாளி. படச்சுருள் அறுந்தால் இரண்டு மூன்று கட்டத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டுவார்கள். அப்படி வெட்டின துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒன்று அகப்பட்டது. ஒரு ஹோட்டல் டான்ஸ். ஆடுகிறவளுக்குப் பின்னால் ஒருத்தன், கையில் சிவப்புக் கித்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டு கொம்பு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. வெள்ளைத் தகடு. தலையில் ஒரே வரிசையாகக் கம்பியை முறுக்குகிற ஆறு சாவி. எனக்குக் கை பரபரத்தது. இதேதான், ஒரு நூல் பிசகாமல் இதேதான் செய்யப் போகிறேன் என்று கூட்டாளியிடம் சொன்னேன்.

அந்தத் துண்டை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து ஒட்டி, விளம்பர சிலேடு காட்டுகிற மெஷினில் செருகினோம். முதல் ஆட்டத்துக்கு முன்னால், டென்டில் ஜனம் வருவதற்குள், திரையில் பெரிய பழுப்புக் காகிதத்தைக் குத்திவைத்தேன். கித்தார் நிஜ அளவுக்கு வரும்வரை அவர் மெஷினை முன்னும் பின்னும் தள்ளினார். நிஜ அளவு என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? தம்பியின் பழைய கித்தாரில் கம்பி நீளத்தை அளந்து கொண்டுபோயிருந்தேன், அதை வைத்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சிலால் விளிம்பு முழுக்க வரைந்தேன். கண்ணாடியை மெஷினில் செருகினது நான்தான். அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்க்கவே தோன்றவில்லை. ஆடுகிறவள் அழகாகத்தான் தெரிந்தாள்.

மெஷின்கள் வந்து இறங்கும் பெரிய பெரிய மரப்பெட்டிகள் ஃபாக்டரிக்குப் பின்னால் மழையில் ஊறிக்கொண்டிருக்கும். கேட்டால் எடுத்துக்கோ என்பார்கள். அந்தப் பலகைகளை ஒட்டி உடம்பு செய்தேன். கழுத்துக்கு ஒரு பழைய தேக்குக் கட்டிலின் சட்டம். கழுத்தில் விரல் வைக்க, குறுக்கே பதிக்கிற கம்பிகளுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பியை நறுக்கிக்கொண்டேன். சத்தம் பிடிக்கிற காந்தம் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அதைச் சுற்றப் புகைந்துபோன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெல்லிய செம்புக் கம்பியை உருவி, ஆயிரக்கணக்கில் சுற்றினேன். எத்தனையோ தடவை அறுந்தது. அறுந்தபோதெல்லாம் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிவேன். என் கோபம் அப்படி. பிறகு நானே போய் வைக்கோலில் தேடி எடுத்துவருவேன். கடைசியில் டிராக்டருக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை வாங்கி நாலு கோட்டு அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால், திரையிலிருந்து இறங்கி வந்ததைப் போலவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடித்ததும் தம்பியை உள்ளே கூப்பிட்டேன். அவன் கித்தாரைப் பார்த்தான். கிட்ட வந்து தடவினான். எடுத்து மடியில் வைத்தான். திருப்பினான். மறுபடியும் திருப்பினான். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னாடா?"

"ஒன்னுமில்லண்ணா. நல்லாத்தான் கீது."

"சொல்றியா இல்லியா?"

"இது இடது கைக்காரன் கித்தாருண்ணா. எல்லாமே எதிர்ப்பக்கமா கீது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் மடியில் வைத்துக் காட்டினான். மேலே இருக்க வேண்டிய நீளக் கொம்பு கீழே தொங்கியது. கீழே இருக்க வேண்டிய, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் மேலே வந்து அவன் முழங்கையில் இடித்தன. தலையில் சாவிகள் தரையைப் பார்த்தன. பழுப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். கண்ணாடியைப் பின்பக்கம் முன்னால் வரச் செருகியிருக்கிறேன், படமே எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், என் முகத்தில் ஈயாடவில்லை.

அவனோ அதற்குள் கம்பிகளைக் கழற்றி, வரிசையை மாற்றிக் கட்டிவிட்டான். பெட்டியை ஆன் செய்து ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொட்டகை முழுக்க நிறைந்தது. வயலிலிருந்து நைனா வந்து வாசலில் நின்றார், கையில் மண்வெட்டியோடு. கேலி பேசவில்லை. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். விரல்கள் கழுத்தின்மேல் ஓடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த விரல்கள் தெரிகின்றன.

"கழுத்துல மேல போகச்சொல்ல சுருதி கொஞ்சம் எடறுது. நான் அழுத்தி சமாளிச்சிக்கிறேன்" என்றான். கம்பிகள் வந்து முடிகிற இரும்புத் தகட்டின் சாய்வும் எதிர்ப்பக்கமாக இருந்ததுதான் அதற்குக் காரணம். "ஒன்னும் பண்ணாதண்ணா. எனக்கு இப்பிடியே புடிச்சிருக்கு. இந்த மாதிரி வேற எவன்கிட்ட கீது?"

அன்றைக்கே விட்டிருக்கலாம். அவன் கெஞ்சாத குறையாகச் சொன்னான். ஆனால் நடந்ததை நான் போய்ச் சொன்ன டென்ட் கூட்டாளி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் நான் நுழைந்ததுமே, "இன்னா மேஸ்திரி, சட்டையைக்கூட முதுகுப்பக்கம் பட்டன் வெச்சித்தான் தெச்சிக்கிவியா?" என்று ஒருத்தன் கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான், கேலிதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நூல் பிசகாமல் டை செய்கிறவன் என்று பேர் எடுத்தவன் நான். மேடையில் நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால் என் தம்பி கையில் என் தப்பு தொங்குவதா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவன் கையிலிருந்து கித்தாரைப் பிடுங்கினேன். சத்தியமாகப் பிடுங்கினேன்.

"ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் கீது. நேராக்கித் தரேன்."

"வேணாண்ணா."

"உனக்கு இன்னாடா தெரியும்?"

அவன் எப்போதுமே என்னை எதிர்த்துப் பேசினதில்லை.

நீளக் கொம்பை அறுத்துக் குட்டையாக்கினேன். குட்டைக் கொம்பில் பலகை ஒட்டி நீளமாக்கினேன். திருகுகளின் ஓட்டைகளை மரக்கட்டை வைத்து அடைத்து, எதிர்ப்பக்கம் புதிதாகத் துளைத்தேன். தலையில் இருந்த சாவிகளையும் அதேபோல் எதிர்ப்பக்கம் மாற்றினேன். அறுத்த துண்டுகளை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாள். சிவப்புப் பெயிண்ட் எரிகிற நாற்றம் வீடெல்லாம் அடித்தது.

மிஞ்சியது அந்தக் கம்பித் தகடுதான். புதுச் சாய்வோடு, ஆறு துளையோடு புதிதாக வேண்டும். கையால் துளைத்தால் பிசகும் என்று சின்னதாக ஒரு டை செய்தேன். ஃபாக்டரிக்கு டை செய்தால் தகடு தானாக வந்து முட்டி நிற்கிற மாதிரி ஒரு தடுப்பு வைப்பேன், கை உள்ளே போக வேண்டிய அவசியமே இருக்காது. இது நம் சொந்த வேலைதானே, ஆறு ஓட்டைதானே என்று தடுப்பு வைக்கவில்லை. ஒவ்வொரு துளைக்கும் தகட்டைக் கையால்தான் பிடித்து நகர்த்த வேண்டும். அதைத் தம்பியிடம் கொடுத்தேன்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் தன் பிரஸ்ஸில் அடித்துக் கொண்டுவந்தான். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நாலாவது துளை அரை மில்லி தள்ளி இருந்தது.

"இத்தெ குப்பையில போடு. வேற அடி."

"அரை மில்லிதானே, கம்பி ஏறினா தெரியாதுண்ணா."

"என் கித்தாருல நான் தெரியற மாதிரி எதுவும் வெக்க மாட்டேன். போடா."

என் கித்தார் என்றுதான் சொன்னேன். அவனுடைய கித்தாரை.

அடுத்த நாள் அதே நேரம். நான் டூல் ரூமில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மோட்டாரை அணைத்துவிடுவார்கள். அணைத்தாலும் பிரஸ்ஸின் பெரிய சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சுற்றிலேயே நாலைந்து அடி அடித்துவிடலாம். அப்படித்தான் முதல் நாளும் அடித்திருந்தான். இந்தத் தடவை துளை தள்ளிப்போகக் கூடாது என்று குனிந்து, தகட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் நேர் பார்த்திருக்கிறான். பார்க்கும்போதே கால், அடியை இறக்குகிற பெடலை அழுத்திவிட்டது.

கத்தின சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் கத்தவேயில்லை என்று பிறகு சொன்னார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஓடினேன். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான், கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும், "டையை எத்துடுண்ணா, எத்துடு" என்றான். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. மேனேஜர் வருவதற்குள் பிரஸ்ஸிலிருந்து என் சொந்த டையைக் கழற்றச் சொல்கிறான். நான் கழற்றினேன். தம்பி ரத்தத்தில் உட்கார்ந்திருக்க, நான் ஸ்பேனர் எடுத்து டையைக் கழற்றினேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். "கம்பெனி பீஸ்தான் அடிச்சிக்கினு இருந்தேன் சார், அவசரமா வேணும்னாங்க" என்று அவன் கட்டிலில் படுத்தபடியே சொன்னான். கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். என் வாய் திறக்கவில்லை. நைனா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். கடைசிவரை கேட்கவில்லை.

அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்துவந்தேன். பையில் கனமாக ஏதோ இருந்தது. நான் குப்பையில் போடச் சொன்ன தகடு. அளவு பார்க்க வைத்திருந்திருப்பான். கொட்டகைக்குள் போய், கித்தாரில் அதைத் திருகி, கம்பிகளை ஏற்றினேன். நாலாவது துளையின் பிசகு எனக்கே தெரியவில்லை. என்னைத் தவிர உலகத்தில் ஒருத்தன் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அன்றைக்கு நான் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டிரம் வாசிக்கிறவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். அவர் கிளம்பும்போது தம்பியே சொன்னான், "கித்தாரும் பொட்டியும் ரெடியா கீது சார். ஆடிக்கு வேற ஆளு பாத்துக்குங்க. அண்ணன் எட்தாந்து குடுப்பாரு." நானே சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்க் கொடுத்தேன். தீமிதியன்று யாரோ ஒருத்தன் அதை வாசித்தான். நாங்கள் இருவரும் கூட்டத்தில் நின்று கேட்டோம். பெட்டி கொஞ்சம்கூட உறுமவில்லை. "நல்லா பேசுதுண்ணா" என்றான் தம்பி. கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தான்.

கட்டுப் பிரிக்கப் போய்விட்டு ஒரு நாள் இருவரும் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். திடீரென்று, "ண்ணா, நீ மொதல்ல செஞ்சியே, அது இருந்திருந்தா நான் வாசிச்சிருக்கலாம் இல்ல?" என்றான். "எப்பிடிடா?" என்றேன். "வலது கைல கம்பிய அழுத்திக்கினு, இந்தக் கைல மீட்டிகினு. மீட்டறதுக்கு ரெண்டு வெரல் போதுமே." குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே யோசித்துச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. இறங்கி, அவன் உட்கார்ந்திருக்க, சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பழுப்புக் காகிதத்தை நான் எறியவில்லை. அதே காகிதத்தைத் திருப்பாமல், மாற்றாமல், அப்படியே பலகையில் ஒட்டி இன்னொன்று செய்தேன். அதே பெட்டி மரம், அதே தேக்குச் சட்டத்தின் மீதி, அதே சிவப்பு. ஒரு தடவைகூட எதையும் தூக்கி எறியவில்லை. எட்டு மாசம் ஆயிற்று. கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன்.

அதற்குள் அவன் அதே ஃபாக்டரியில் கேட்டில் உட்கார்ந்து, வந்து போகிற வண்டிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்ததும் தினமும் கொட்டகைக்குள் போவான். வலது கை விரல்களைக் கழுத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்து அழுத்துவான். அவை வேலை பழகின விரல்கள், ஆனால் அந்த வேலை பழகவில்லை. தனித்தனியாக எழுந்திருக்க மாட்டேன் என்றன. சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் மீட்டுகிற சில்லு நழுவி நழுவி விழும். நான் வெளியே பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நின்று கேட்பேன். ஒரே நாலு சுரம். மறுபடியும் அதே நாலு. ஒரு மாசம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் சத்தம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கித்தாரை ஆணியில் மாட்டிவிட்டு, அதன்மேல் தூசி படாமல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தான். "தப்பா நெனச்சிக்காதண்ணா. நல்லா செஞ்சிருக்கே. ஆனா நீ மொதல்ல செஞ்சது கைல உக்காந்த மாதிரி இது உக்காரல. அதோட கழுத்து கொஞ்சம் சன்னம் போல."

இரண்டும் ஒரே காகிதம். இரண்டின் கழுத்தையும் ஒரே அளவுகோலால் அளந்து இழைத்தவன் நான். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"ஆமாண்டா, இதுல கொஞ்சம் தடிமனா வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.